உறுப்பினர் பதிவேட்டைத் திறக்கும் உரிமை: சங்கத்தின் நிலைப்பாடு

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விளைவிக்கும் சிறு விவசாயிகளான நம் உறுப்பினர்களுக்குச் செயற்குழு வைக்கும் அறிக்கை இது. சென்ற அறுவடையின்போது நம் உறுப்பினர் பட்டியல் வெளியே போனதும், அதன்பின் இரண்டு கூட்டங்களில் பேசியதும் ஏசியதும் அனைவரும் அறிந்தவை. எல்லாவற்றையும் மறுபடி அடுக்கவில்லை. கொள்முதல் நிறுவனம் அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில் இம்மாத இறுதிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதன் ஏழாவது பிரிவு, கிளவுடில் உள்ள நம் உறுப்பினர் பதிவேட்டுக்கு அவர்களுக்கு ‘முழு அணுகல்’ வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு இப்போதுள்ளபடி இருக்கும்வரை கையெழுத்திட இயலாது என்று செயற்குழு கருதுகிறது. ஒன்பது பேரில் ஆறு பேர் ‘இயலாது’ என்ற சொல்லுக்கு உடன்பட்டோம். மூவர் ‘இப்போதைக்கு இயலாது’ என்று எழுதச் சொன்னார்கள். அதையும் பதிவு செய்கிறோம்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது? பெயர், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், பட்டா எண், தோட்டத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை கிலோ பழம் போட்டார், எத்தனை மூட்டை பார்ச்மென்ட் (தோலுரித்து உலர்த்திய காப்பிக்கொட்டை) வந்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் நிலுவை. நோட்டுப்புத்தகக் காலத்தில் இவை ஒரே இடத்தில் இருந்ததில்லை. தராசுப் புத்தகம் நாகலூர்க் களத்தில் கிடந்தது. முன்பணக் கணக்கு காசாளரின் பீரோவில் இருந்தது. பட்டா அவரவர் வீட்டு டிரங்குப் பெட்டியில். எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துப் பார்க்க நினைத்தால் செம்மநத்தத்துக்கும் மாரமங்கலத்துக்கும் இரண்டு நாள் அலைய வேண்டும். போகும் இடமெல்லாம் ‘எதற்குக் கேட்கிறாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று ஒரே பட்டியலை இறக்கிக்கொண்டால் போதும். விடுதி கட்ட இடம் தேடி மலையேறும் தரகருக்கு, எந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது, அதன் சொந்தக்காரர் எவ்வளவு கடனில் இருக்கிறார் என்ற இரண்டும் ஒரே வரிசையில் கிடைத்தால், பிறகு அவர் அலைய வேண்டியதே இல்லை. நேராக அந்த வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காருவார். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் நிலம் இழந்த கதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்ற அறுவடையின்போது அப்படித்தான் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். பட்டியல் எப்படி வெளியே போனது என்பது இன்னும் முடிவாகத் தெரியவில்லை. ஆனால் அது ஏன் தெரியவில்லை என்பது செயற்குழுவுக்கு நன்றாகத் தெரியும். இந்த அறிக்கையில் மிக முக்கியமாக நாங்கள் சொல்ல வந்தது அதுதான்.

நம் பதிவேடு இருக்கும் கிளவுடில் ஒவ்வொரு செயலுக்கும் பதிவு உண்டு. யார், எப்போது, எதைத் திறந்தார், எதை இறக்கினார் என்று அது எழுதி வைக்கும். நம் பதிவையும் எடுத்துப் பார்த்தோம். இரவு 11.40 மணிக்கு உறுப்பினர் பட்டியல் முழுவதையும் ‘அட்மின்’ இறக்கியிருக்கிறார். யார் அந்த அட்மின்? அந்த ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் அன்று உள்ளே போகக்கூடியவர்கள் பதினொரு பேர். நிர்வாகிகள், முன்னாள் நிர்வாகிகள் இருவர், கணக்குத் தணிக்கைக்கு வந்தவர், மென்பொருள் அமைத்துக் கொடுத்தவர், களத்தில் எடை போடுபவர், கடைசியாக அலுவலகத்தில் பதிவு எழுதும் பெண். கடவுச்சொல் அலுவலகச் சுவரில், நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியது அந்தப் பெண் இல்லை.

வேலை போனது அவருக்குத்தான். இரண்டே நாளில், எழுத்தில் ஒரு விளக்கம்கூடக் கேட்காமல். அவர் வீடு இருக்கும் உள்கிராமத்தில் மாலை ஆறு மணிக்குமேல் கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் கிடைப்பதே அரிது என்பது நம் உறுப்பினர் அனைவருக்கும் தெரியும். பதினொரு பேரில் பத்துப் பேரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு, நியமனக் கடிதம் இல்லாமல் இருந்த ஒரே ஆளை வெளியே அனுப்பிவிட்டு, விஷயம் முடிந்தது என்று நாமெல்லாரும் பழம் பறிக்கப் போய்விட்டோம். அந்த முடிவு அவசரத்தில் எடுக்கப்பட்டது என்று செயற்குழு கருதுகிறது. ‘தவறானது’ என்ற சொல்லே வேண்டும் என்று நால்வர் கடைசிவரை நின்றார்கள். பொதுக்குழு பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதக் கூடாது என்பதால் ‘அவசரத்தில்’ என்று நின்றது.

இது நம் மலையில் மட்டும் நடப்பதன்று. 2020 ஆகஸ்டு, செப்டம்பரில் தமிழ்நாட்டையே உலுக்கிய பிரதமர் கிசான் உதவித்தொகை மோசடியை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையில் விவசாயி கணக்கில் போடும் திட்டம். கொரோனா காலத்தில் பதிவை எளிதாக்கினார்கள். ஒப்புதல் கொடுக்க வேண்டிய வேளாண் அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரகர்கள் கைக்கும் கணினி மையங்களுக்கும் போயின. நிலமே இல்லாதவர்கள் விவசாயி ஆனார்கள். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் தகுதியற்ற பெயர்கள், 110 கோடி ரூபாய் என்று அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். பாதிக்கப்பட்ட 13 மாவட்டங்களில் நம் சேலமும் ஒன்று. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், 34 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள் என்று அப்போது சொன்னார்கள்.

அந்தச் செய்தியைப் படிக்கும்போது நாம் தொகையைப் பார்த்தோம். பார்க்க வேண்டியது வேறொன்று. கணினியைப் பொறுத்தவரை ஒவ்வொரு பொய்ப் பதிவுக்கும் ஓர் அலுவலரின் ஒப்புதல் இருந்தது. அந்த ஒப்புதலைத் தட்டிய விரல் யாருடையது என்பதை மட்டும் கணினியால் சொல்ல முடியவில்லை. ஒரு சாவியைப் பலர் வைத்திருக்கும் வீட்டில் திருட்டுப் போனால், யார் ஏழையோ அவர்மேல்தான் முதல் சந்தேகம் விழும். இது கணினிச் சிக்கல் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. பெரியவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாட்டின் பழி சிறியவர்கள் தலையில் விழும் பழைய அநியாயம் இது. அது கணினிக்குள்ளும் வந்துவிட்டது, அவ்வளவுதான். நம் சங்கத்தில் அதற்கு இடம் கொடுத்தோம் என்பதில் செயற்குழுவுக்கு வெட்கம் உண்டு. கோபமும் உண்டு.

பொதுக் கடவுச்சொல் வசதியானது, எல்லாரும் நம் ஆட்கள்தானே என்ற வாதம் கூட்டத்தில் வந்தது. நம் ஆட்களைக் காப்பாற்றத்தான் தனித்தனிச் சாவி கேட்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் இருக்கும். செயலாளரைத் திருடர் என்று நினைத்து அப்படி வைப்பதில்லை. நாளை ஒரு நகை குறைந்தால் அவர் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக வைப்பது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் புகுந்தபோதும், ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வழியாகத்தான் புகுந்தார் என்று துறையே சொன்னது. காவல்துறைக்கே அந்த நிலை என்றால் நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டிய நம் சீட்டு எந்த மூலைக்கு?

இனிக் கொள்முதல் நிறுவனத்தின் கோரிக்கை. ஐரோப்பாவுக்குப் போகும் காப்பி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்று காட்ட வேண்டும். அதற்குத் தோட்டம் இருக்கும் இடத்தைத் தர வேண்டும். இது ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சட்டம். நடைமுறைக்கு வரும் நாளை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள் என்றாலும் வரத்தான் போகிறது. நம் காப்பிக்கு நல்ல விலை கிடைக்க அது வழியாகலாம் என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சட்டம் கேட்பதையும் இந்த ஒப்பந்தம் கேட்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து ஏக்கருக்கு, உட்பட்ட தோட்டமென்றால் ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகை தீர்க்கரேகை போதும் என்கிறது சட்டம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு ஏக்கர்காரர்கள். நிலத்தில் நமக்குள்ள சட்டபூர்வ உரிமைக்குச் சான்று கேட்டால் காட்டலாம், அது நியாயம். வங்கிக் கணக்கு எதற்கு? முன்பண நிலுவை எதற்கு? பதிவைத் திருத்தவும், அழிக்கவும், மற்றவரோடு பகிரவும் உரிமை எதற்கு? நம் எடையை நம்மிடம் வாங்குபவரே திருத்தக்கூடிய தராசு உலகத்தில் எங்கும் கிடையாது.

‘முழு அணுகல்’ என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு உரிமைகள் ஒளிந்திருக்கின்றன: பார்ப்பது, எழுதுவது, அழிப்பது, அடுத்தவருக்குக் கொடுப்பது. கடைசி உரிமைதான் மிக ஆபத்தானது. அதைப் பெற்றவர் இன்னும் நூறு பேரை நமக்குத் தெரியாமல் உள்ளே அழைத்து வரலாம். ‘இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று ஒருமுறை தட்டிவிட்டால் வாட்ஸ்அப்பில் அது எங்கெங்கே போகும் என்று யாராலும் கணக்கு வைக்க முடியாது.

ஆகவே சங்கத்தின் நிலை இது. இனி உரிமை பதவிக்கு வழங்கப்படும், ஆளுக்கு வழங்கப்படாது. அந்தப் பதவியில் இருப்பவர் தன் சொந்தப் பெயரில், சொந்தக் கடவுச்சொல்லில் உள்ளே போவார். வெளிப்படையாகக் கொடுக்காத உரிமை எதுவும் இல்லை என்பதே தொடக்க நிலை. எடை போடுபவர் அன்றைய எடையை எழுதலாம், நேற்றைய எடையைத் தொட முடியாது. காசாளர் வங்கி எண்ணைப் பார்ப்பார், தோட்டத்தின் இருப்பிடத்தைப் பார்க்க அவருக்கு வேலையில்லை. உறுப்பினர் தன் பக்கத்தைத் தான் பார்க்கலாம். அதை யார் யார் திறந்தார்கள் என்றும் பார்க்கலாம். கொள்முதல் நிறுவனம் தான் வாங்கிய சரக்குக்குரிய தோட்டங்களின் புள்ளியை மட்டும், பார்க்கும் உரிமையோடு மட்டும், அந்தச் சரக்கின் கணக்கு முடியும்வரை மட்டும் பார்க்கலாம். மென்பொருள் பழுது பார்ப்பவருக்கு இரண்டு நிர்வாகிகள் சேர்ந்து திறந்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் அது தானே மூடிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான மூலக் கணக்கை அன்றாட வேலைக்கு யாரும் தொடக் கூடாது. அதன் கடவுச்சொல் ஒருவரிடமும் இரண்டாம் சரிபார்ப்பு எண் இன்னொருவரிடமும் இருக்கும். பதவி விட்டு இறங்குபவரின் வழி அன்று மாலைக்குள் அடைக்கப்படும். இதில் தலைவருக்கு விலக்கு கிடையாது.

இவை எதுவும் நம் கண்டுபிடிப்பு இல்லை. வேலைக்குத் தேவையான அளவுக்குமேல் யாருக்கும் உரிமை தராதே என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்கக் கணினி அறிஞர்கள் எழுதியது 1975-ல். பதவிவழி உரிமை என்ற முறை 1992-லேயே எழுத்தில் வந்துவிட்டது. நாம் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் கிளவுட் சேவையிலேயே இந்த வசதிகள் இருக்கின்றன. இத்தனை நாள் நாம் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சிக்னல் இல்லாத ஊர்களில் ஓடிபி எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு: சரிபார்ப்பு எண்ணைக் கைப்பேசியிலேயே உருவாக்கும் செயலிகளுக்கு சிக்னல் தேவையில்லை. அச்சிட்ட மாற்று எண்களும் தரப்படும். செலவு பற்றிய கேள்வியைப் பொருளாளர் பொதுக்குழுவில் விளக்குவார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. யார் எதை அணுகலாம் என்ற கட்டுப்பாடும், அணுகியதன் பதிவை ஓராண்டு காப்பதும் அந்த விதிகளில் இருக்கின்றன. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கட்டாயம் முழுமையாக வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க நமக்கு மனமில்லை.

கொள்முதல் நிறுவனத்தோடு பேச்சைத் தொடர வேண்டும், அவர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற கருத்தையும் செயற்குழு மதிக்கிறது. ஏழாவது பிரிவுக்கு மாற்று வாசகம் எழுதி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் ஏற்றால் அன்றே கையெழுத்து. மறுத்தால் இந்தப் பருவத்துப் பார்ச்மென்டைக் கீழே சேலம் வியாபாரிகளிடம் குறைந்த விலைக்குப் போட நேரலாம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

பழைய ‘அட்மின்’ கடவுச்சொல் இந்த அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது செல்லாது. புதியதைக் கேட்டு யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். உங்களிடம் யார் கேட்டாலும், எந்த நிர்வாகி கேட்டாலும், சொல்ல வேண்டாம். பதிவு எழுதிய பெண்ணை நியமனக் கடிதத்தோடும், விட்டுப்போன மாதங்களின் சம்பளத்தோடும் திரும்ப அழைக்கும் தீர்மானம் பொதுக்குழுவில் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். உறுப்பினர்கள் ஆள் அனுப்பாமல் நேரில் வாருங்கள். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.