எஞ்சின் எண்ணைக் கேட்காத கடை

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு உதிரிபாகம் தேடுவோர், காரின் பெயரும் ஆண்டும் போதுமென எண்ணுகின்றனர். போதா என்பதே நம் கருத்து.

பிரிட்டனில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. காரையே எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான எஞ்சின் 1798 சி.சி.தான். ஆயினும் தொடக்கத்தில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கியவை மூன்று மெயின் பேரிங்குகள். 1964 இறுதியிலிருந்து ஐந்து. ஒன்றின் ஷாஃப்ட் மற்றதில் பொருந்தாது. பல கைகள் மாறிய காரில் எஞ்சினே மாறியிருக்கக்கூடும். எனவே காரின் ஆண்டை நம்புவதற்கில்லை. எஞ்சின் எண்ணின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும்: 18ஜி, 18ஜிஏ எனில் மூன்று, 18ஜிபி எனில் ஐந்து. (அந்த எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லையெனில், உதிரிபாகத்திற்கு முன் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுவே.)

பிஸ்டனுக்கு எண்ணும் போதாது. சிலிண்டரை முன்பே எவரேனும் ரீபோர் செய்திருப்பின், நிலையான அளவிலான புதிய பிஸ்டன் வீணே. மெக்கானிக் அளந்து சொன்ன பின்னரே வாங்குதல் நலம்.

இப்பாகங்கள் பிரிட்டனில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அனுப்புகைக் கட்டணமும் சுங்கவரியும் செலுத்திப் பெற்ற பொருளைத் திருப்பி அனுப்புவது எளிதன்று. எஞ்சின் எண்ணைக் கேளாமலே விலை சொல்லும் கடைக்கு, அவ்விலை எவ்வளவு மலிவாயினும், பணம் அனுப்ப வேண்டாம் என்போம்.