மண்டலம் பிரிக்கிறபோது மளிகைக் கடை எங்கே?



கடைத்தெருவில் கடைக்கு இடமா, அலுவலகத்திற்கு இடமா என்ற பேச்சு நம்மிடையே சூடாகவே நடக்கிறது. கட்டடம் சொந்தமாக வைத்திருப்போர் ஒரு கட்சி, வாடகைக் கடையில் கல்லாப்பெட்டி வைத்திருப்போர் மறு கட்சி. வங்கிக்கோ கம்பெனி ஆபீசுக்கோ விட்டால் மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடும், மூட்டையும் வண்டியும் வாசலை அடைக்காது என்கிறார்கள் முன்னவர்கள். அவர்களும் நம் உறுப்பினர்களே. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆபீஸ் வந்தால் டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வியாபாரம்தான். ஆனால் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறவர் ஆபீஸ் படியேறி வருவதில்லை. நாலு கடை மூடினால் ஐந்தாவது கடைக்கு வரும் கூட்டமும் குறையும் என்பது நம் தொழிலில் யாவரும் அறிந்தது.

இதில் சட்டம் நமக்குத் துணை நிற்கும் என்று எண்ணியிருந்தால் ஏமாற்றமே. நகரத் திட்டங்கள் 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின்படி போடப்படுகின்றன. 2008-இல் வந்த சென்னை இரண்டாம் முழுமைத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வணிக மண்டலம் என்று ஒன்று உண்டு. கடையும் அலுவலகமும் அந்த ஒரே மண்டலத்தில் அடங்கிவிடுகின்றன. பத்தடிக்குப் பத்தடி மளிகைக் கடையும் பத்து மாடி ஆபீசும் அதன் கண்ணில் ஒன்றே. பிறகு யார் கூடுதல் வாடகை தருகிறாரோ அவருக்கே இடம்.

மண்டலம் என்ற சொல் இடையஞ்சாவடிக்காரருக்குப் புதிதல்ல. பக்கத்து ஆரோவிலின் திட்டத்தில் தொழில், குடியிருப்பு, கலாசாரம், சர்வதேசம் என்று நான்கு மண்டலங்களும், சுற்றிலும் பசுமை வளையமும் உண்டு. வரைபடத்தில் கோடு விழுந்தபின் அதை நகர்த்துவது எத்தனை கடினம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பெயரில் உள்ள சாவடிதான் சென்னை கொத்தவால் சாவடியிலும் இருக்கிறது. அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நெரிசலைக் காரணம் காட்டி, காய், கனி, பூ மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அதற்கென்றே அந்த ஆண்டில் தனிச் சட்டம் வந்தது: குறிப்பிட்ட சரக்குகளின் மொத்த வியாபாரத்தை அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே செய்யலாம், வெளியே செய்யக்கூடாது. புதிய வளாகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். லாரி நிற்க இடம் கிடைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் கொத்தவால் சாவடிக்கு வந்தவர் காய் வாங்கிய கையோடு பக்கத்துத் தெருவில் பருப்பு, மிளகாய், புளியும் வாங்கிப் போவார். அந்தச் சேர்க்கை அறுந்தது. மளிகை மொத்தக் கடைகள் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் நிற்க, காய்கறி பல கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. சில்லறை வியாபாரிக்கு ஒரு நடை இரண்டு நடையானது. ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் அவன் தலையில்.

2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனது. மழை வந்ததும் மூட்டைகள் சேற்றில் கிடந்தன. செப்டம்பர் இறுதியில்தான் திரும்ப முடிந்தது. அங்கே தற்காலிகம் என்ற சொல்லுக்கு நான்கு மாதத்திற்கும் மேல் பொருள் இருந்தது!

நாம் கொள்முதலுக்குப் போகிற புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் மொத்தமாக வெளியேற மறுத்து, பகுதி பகுதியாகக் கட்டச் சொன்னது இந்த அனுபவங்களை அறிந்தே என்று கருதுகிறோம். வெளியே போனவனுக்குப் பழைய இடம் கிடைக்கும் என்று எழுத்தில் யார் தருகிறார்கள்?

நம் கோரிக்கை பெரிதல்ல. கடைத்தெருவில் தரைத்தளம் கடைகளுக்கே என்று திட்டத்தில் எழுத வேண்டும். ஆபீஸ் மாடிக்குப் போகட்டும். சொந்தக்காரருக்கும் வாடகை குறையாது, மாடியும் சும்மா கிடக்காது. சரக்கு இறக்க நேரமும் இடமும் ஒதுக்கட்டும். பழைய கட்டடம் இடிபட்டால் இருந்த வாடகைதாரருக்கே முதலில் கடை. வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டமே அவகாசம் தருகிறது. அறிவிப்பு பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். அதைப் பார்த்துச் சொல்ல ஊருக்கு ஒருவரைச் சங்கம் பொறுப்பாக்க வேண்டும்.

அதற்கு முன் இன்னொன்று. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் உள்ளது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லை என்பதே கடையைக் காலி செய்யச் சொல்லப் போதுமான காரணமாகிறது. அப்பா காலத்துக் கடை, வாய்வார்த்தைதான் என்று இருப்பவர்கள் உரிமையாளரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்து, ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.