பழி சுமக்கும் பெற்றோல் பம்பு

சென்ற இரு கிழமைகளுள் வாசகர் மூவர் ஏறக்குறைய ஒரே முறைப்பாட்டை எமக்கு எழுதியிருக்கின்றனர். கார் பழையது, காலையில் ஒழுங்காகப் புறப்படுகின்றது, மூன்று நான்கு கட்டை ஓடியபின் இருமித் தள்ளாடி நின்றுவிடுகின்றது, கால் மணி நேரம் இளைப்பாற விட்டால் ஒன்றும் நடவாததுபோல மீண்டும் ஓடுகின்றது. மூவருக்கும் கராச்சிலே கிடைத்த விடை ஒன்றே: “பம்பு போய்விட்டது, மாற்றவேண்டும்.” அவர்களுள் ஒருவர் மாற்றியும்விட்டார். புதிய பம்புடனும் கார் அதே இடத்தில் நிற்கின்றது என்பதே அவருடைய துயரம்.

யாழ்ப்பாணத்திலே பழைய கார் என்றால் அது பெரும்பாலும் இங்கிலாந்துக் காரேயாம். 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40, 1948 இல் தொடங்கி 1970களின் முற்பகுதி வரையும் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் ஆகியவை பிறநாடுகளிலே கண்காட்சிப் பொருள்களாகிவிட்டன. இங்கோ தகப்பனார் ஓட்டியதை மகன் ஓட்டுகின்றான். வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய கார்கள் உண்டு. அவை நின்றால் நிற்பது பொழுதுபோக்கன்று, அடுப்பு.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்கள் நிற்கவில்லை, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்திலே எளிதில் ஆவியாகாது. ஆதலின் காபுரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலைவிட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நாம் மாணாக்கராயிருந்த அக்காலத்தில் தெருவிலே ஒரு கார் போனால் அது போய்ப் பத்து நிமிடத்தின் பின்னும் புகையும் மணமும் அங்கேயே நிற்கும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் கார் வழியில் நின்றால் அதன் பொருள் என்னவென்பதை அன்று வாழ்ந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது, பஞ்சமும் திரும்பிற்று. அந்த ஆண்டுகளிலே புதுப் பம்பு வாங்க வழியில்லை. ஆகவே குற்றம் எங்கே இருக்கின்றது என்று தேடியே ஆகவேண்டியிருந்தது. இன்று வாங்க வழியுண்டு. ஆகவே எவரும் தேடுவதில்லை.

நிற்க. பம்பின் தொழில் யாதெனப் பார்ப்போம். இக்கார்களிலே பெற்றோல் தாங்கி பின்புறத்தில், தாழ்வாக உள்ளது. காபுரேற்றர் முன்புறத்தில், உயரமாக உள்ளது. கீழே கிடப்பதை மேலே கொணர்வதற்கு ஒரு பம்பு வேண்டும். ஒஸ்ரின் ஏ40 இல் அது இயந்திரத்தின் பக்கத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். உள்ளே சுழலும் தண்டிலுள்ள ஒரு புடைப்பு, பம்பின் கையை ஆட்டுகின்றது. கை, டயபிரம் என்னும் மெல்லிய சவ்வைக் கீழே இழுக்கின்றது. அப்பொழுது தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படுகின்றது. அதனை மேலே தள்ளுவது கையன்று, சவ்வின் அடியிலுள்ள சுருள்வில் என்பதை மாணவர்கள் கவனிக்க. காபுரேற்றரின் மிதவை அறை நிறைந்தவுடன் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். வில்லால் தள்ள முடியாது. சவ்வு கீழேயே நிற்க, கை மட்டும் வெறுமனே ஆடும். ஆக, எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது அந்த வில். அது மிகச் சிறிய அழுத்தம். சதுர அங்குலத்துக்கு இரண்டு இறாத்தல் அளவேயாம்.

மொறிஸ் மைனரிலோ எஸ்.யு. என்னும் மின்சாரப் பம்பு உண்டு. அதிலும் சவ்வு இருக்கின்றது. அதனை இழுப்பது மின்காந்தம். சவ்வு முழுத்தூரம் இழுபட்டவுடன் ஒரு சோடி பொயின்ற் பிரிந்து மின்சாரத்தை நிறுத்தும். வில் சவ்வைத் தள்ளும். பொயின்ற் மீண்டும் சேரும். சேர்வதும் பிரிவதுமாகிய இந்த வேலையினால் எழுவதே மைனர் காரின் “டிக், டிக்” ஒலி. சாவியைத் திருப்பியவுடன் அது விரைவாகச் சிலமுறை ஒலித்து, மிதவை அறை நிறைந்ததும் அடங்கவேண்டும். அடங்காது ஓயாமல் விரைந்து ஒலிக்குமாயின் பம்பு பெற்றோலையன்றிக் காற்றை உறிஞ்சுகின்றது என்று கொள்க. இயந்திரம் ஓடாதிருக்கும்போதும் விட்டுவிட்டு ஒலிக்குமாயின், ஊசி வால்வு மூடவில்லை, அல்லது பம்பின் வால்வொன்று கசிகின்றது. ஒலியே இல்லையெனில் மின்சாரத்தை ஆராய்க. திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டியதும் உயிர் பெறுமாயின் பொயின்ற் கருகியிருக்கின்றது. ஆனால் அதற்குமுன் பம்பின் உடலிலிருந்து காரின் இரும்புக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழற்றி, துருவைச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள். உப்புக்காற்று வீசும் இந்நாட்டிலே அந்தக் கம்பியின் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பம்புகள் அநேகம்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகின்றோம். மைனரின் எஸ்.யு. பம்பு நன்னிலையிலே மணிக்கு 8 கலன் அளவு பெற்றோல் தரவல்லது. மணிக்கு 40 மைல் வேகத்தில் ஓடும் மைனருக்கு வேண்டியதோ அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கலன். பம்பு தன் வலிமையிலே பாதியை இழந்தாலும் தேவைக்கு மிஞ்சியே கொடுக்கும். குடாநாட்டிலே மலையுமில்லை, ஏற்றமுமில்லை. ஆதலின் நலிந்த பம்பும் பருத்தித்துறைக்கும் காரைநகருக்குமாகப் பல ஆண்டுகள் ஓடித் தன் நோயை மறைத்துவிடும். அதன் உண்மை நிலை ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியின் நீண்ட நேர்ப்பாதையிலே வேகமாக ஓடும்போதுதான் வெளிப்படும். ஊருக்குள்ளே மூன்று கட்டைக்கு ஒருமுறை நிற்கும் காரிலே பம்பின்மேல் எமக்கு அவ்வளவு சந்தேகம் எழுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியாயின் யார்மேல் சந்தேகம்? முதலாவது, பெற்றோல் தாங்கியின் மூடி. மூடியிலே காற்றுப் புகுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. பெற்றோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்லவேண்டும். துளை அடைபட்டால் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகிப் பம்பு இழுக்க இழுக்கப் பெற்றோல் வர மறுக்கும். சிறிது நேரம் நின்றால் எங்கேனும் ஒரு வழியாகக் காற்றுப் புகும். கார் மீண்டும் ஓடும். மூடி தொலைந்தவிடத்துப் பொலித்தீன் பையைச் சுற்றி றபர் பட்டியால் இறுகக் கட்டிவைக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. மழை புகாது என்பது மெய், காற்றும் புகாது. கார் நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுபடுமாயின் வழக்கு அங்கேயே முடிந்தது. செலவு ஒரு சதமுமில்லை.

இரண்டாவது, தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய். இது உறிஞ்சும் பக்கம். இங்கே வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஆதலாற்றான் கண்ணால் தேடுபவர்க்கு அகப்படுவதில்லை. ஓடும் காரில் மாத்திரம் தோன்றி நின்ற காரில் மறையும் குற்றம் இது. தண்ணீர்ப் பம்பின் உறிஞ்சு குழாயிலே ஓட்டை விழுந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் வராததை நமது கமக்காரர் நன்கறிவர், அதுவே இது. றபர்க் குழாயின் பகுதிகளை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவிலே மயிர் போன்ற கீறல்கள் தெரிந்தால் மாற்றிவிடலாம்.

மூன்றாவது, தாங்கியினுள் கிடக்கும் துரு. 2022 இல் எரிபொருள் பஞ்சம் வந்தபோது பல கார்கள் மாதக்கணக்காக வெறுந்தாங்கியுடன் நின்றன. வெறுந்தாங்கியின் சுவரிலே ஈரம் படியும், துரு உதிரும், பின்பு அது குழாயின் வாயை அடைக்கும். கார் நின்றதும் துரு கீழே விழ, வழி திறக்கும். பம்புப் பக்கத்திலே குழாயைக் கழற்றி, தாங்கியின் மூடியைத் திறந்துவைத்து, சைக்கிள் பம்பினால் பின்னோக்கி ஊதினால் தாங்கியிலே குமிழி எழும் ஓசை கேட்கவேண்டும். ஊதியபின் கார் சில நாள் நன்றாக ஓடி மறுபடியும் நிற்குமாயின் தாங்கியைக் கழற்றிக் கழுவுவதன்றி வேறு வழியில்லை.

நான்காவதைக் குற்றவாளி என்பதிலும் பார்க்க வெயிலின் விளையாட்டு என்னலாம். நுவரெலியாவிலே தண்ணீர் 100 பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 94 பாகையில், கொதிப்பதை மாணவர் படித்திருப்பர். அங்கே வளியமுக்கம் குறைவு. பம்பு உறிஞ்சும் குழாயிலும் அமுக்கம் குறைவு. பக்கத்திலே சூடேறிய இயந்திரம். வெளியே சித்திரை வெயில். பெற்றோல் குழாயினுள்ளேயே கொதித்து ஆவியாகின்றது. பம்போ திரவத்தைத் தள்ளச் செய்யப்பட்டதேயன்றி ஆவியைத் தள்ளுவதற்கன்று. பழைய சாரதிகள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியதைக் கண்டு நகைத்தவர் உளர். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எக்காரணத்தாலோ அக்காரணத்தாலே பம்பும் குளிரும்; நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் இத்தொல்லை இருக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. எளிதில் ஆவியாகாத அதன் குணம் காலையிலே வதைத்தது, நண்பகலிலே காத்தது.

பற்றவைக்கும் மின்சாரத்திலும் இதேபோன்ற குற்றம் நிகழும். சூடேறியபின் நலியும் கொயில், பம்பைப்போலவே நடிக்கவல்லது. ஆகவே கார் நின்ற அந்தக் கணத்திலேயே பிளக்கில் பொறி வருகின்றதா என்று பார்த்துக்கொள்வது நன்று.

இவ்வளவும் பார்த்தபின் பம்பைச் சோதிக்கலாம். அதற்குமுன் ஒரு சொல். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு நிலமாக ஊர்ந்து தூரத்து அடுப்பையும் குத்துவிளக்கையும் தேடிச் செல்லும். வேலை திறந்தவெளியில், ஆறிய இயந்திரத்தில் நடக்கவேண்டும். பீடி, சுருட்டு, சிறுபிள்ளைகள் மூன்றும் அருகில் ஆகா. காபுரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுள் விடுங்கள். மைனராயின் சாவியைத் திருப்பினாற் போதும். ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்குக் குறையாமல் வரவேண்டும். ஒஸ்ரினாயின் கொயிலின் கம்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சுழற்றவேண்டும். விட்டுவிட்டுப் பலமாகப் பாயவேண்டும். குமிழியுடன் வந்தால் எங்கோ காற்றுப் புகுகின்றது. மீண்டும் குழாய்க்குச் செல்க. சொட்டுச் சொட்டாக வந்தாலும், வராதே விட்டாலும், அப்பொழுது பம்பு குற்றவாளியே. ஒஸ்ரினில் மற்றொரு சாட்சியும் உண்டு. எண்ணெய் பார்க்கும் கோலை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணமிருந்தால் சவ்வு கிழிந்து பெற்றோல் இயந்திரத்துள் இறங்குகின்றது. அந்தக் காரை அதற்குமேல் ஒரு கட்டையும் ஓட்டலாகாது.

சவ்வையும் வால்வையும் மாற்றிப் பம்பைத் திருத்துவதே சிறந்தது என்பது எமது துணிபு. ஒஸ்ரின் பம்பைப் பிரிக்குமுன் இரு பாதிகளிலும் அரத்தால் ஒரு கீறு இட்டுக்கொண்டால் பொருத்தும்போது திசை மாறாது. திருகாணிகளை இறுக்கும்போது கையை அழுத்திச் சவ்வை முழுத்தூரம் இழுத்துப் பிடித்திருக்கவேண்டும். இன்றேல் புதிய சவ்வு சில நாளிலேயே கிழியும். எஸ்.யு. பம்பைத் திறப்பவர் கீழே ஒரு வெள்ளைத்துணி விரித்துக்கொள்க. சவ்வைச் சுற்றியுள்ள 11 சிறு பித்தளை உருளிகள் உருண்டோடும். சைக்கிள் ரியூப்பில் சவ்வு வெட்டலாமோ என்று ஒரு மாணவர் கேட்கின்றார். ஒரு துண்டு ரியூப்பை இரவு முழுதும் பெற்றோலில் ஊறவைத்து, காலையில் அளந்து பார்க்கட்டும். ஊதிப் பெருத்திருக்கும். பஞ்ச காலத்தில் அவ்வாறு வெட்டிப் போட்டவர் வேறு வழியின்றிச் செய்தனர்.

புதுப் பம்பே வாங்குவதாயின் அதன் அழுத்தத்தைக் கேட்டு வாங்குக. பிற்காலத்து யப்பான் கார்களுக்கான மின்சாரப் பம்புகளுள் நான்கு ஐந்து இறாத்தல் அழுத்தம் தருபவை உண்டு. “பலமான பம்பு” என்று கடையிலே புகழ்வார்கள். அந்தப் பலம் பழைய காபுரேற்றரின் ஊசி வால்வைத் தள்ளித் திறந்துவிடும். மிதவை அறை நிரம்பிப் பெற்றோல் சூடான புகைக்குழாயின்மேல் வழியும். இயந்திரம் ஓடினால் மாத்திரம் வேலைசெய்யும் ஒஸ்ரின் பம்பைப்போலன்றி, சாவி திறந்திருக்கும்வரை மின்சாரப் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைக்க. எமது அன்பர் பூட்டியிருப்பது இத்தகைய பம்பாயின், அழுத்தங்குறைக்கும் கருவி ஒன்றைச் சேர்க்கும்வரையும் காரை எடுக்கவேண்டாம். மைனர்காரர் இன்னொன்றும் கேட்கவேண்டும்: அந்தக் கார்களிலே பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். பொயின்ற் இல்லாத புதுவகைப் பம்பு அதற்கு ஏற்றதா என்று பார்த்து வாங்காவிடின் முதல் நாளிலேயே எரியும்.

கேள்வி விடுத்த மூவருள் ஏ40 வைத்திருப்பவர், தமது எண்ணெய்க் கோலிலே மணம் இருப்பதாகவும் எழுதியுள்ளார். அவர் சவ்வை மாற்றியபின் இயந்திர எண்ணெயையும் வடிகட்டியையும் உடனே மாற்றவேண்டும். பெற்றோல் கலந்த எண்ணெயில் வழுக்கும் தன்மை இராது. மற்ற இருவரும் முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுவார்களாக.