ஒரு படம் போதுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

நம் செய்முறைப் பதிவேட்டில் நீலப்பசும்பாசி என்றால் நாஸ்டாக், ஆசிலட்டோரியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், நாலைந்து பாகங்கள், ஆசிரியரின் கையொப்பம். அத்துடன் அவ்வுயிரை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அது தவறு என்பேன். என் சாட்சி, புரோகுளோரோகாக்கஸ் என்னும் கடல் நுண்ணுயிர்.

உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களுள் எண்ணிக்கையில் முதலிடம் இதற்கே. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஒரு லட்சத்துக்கு மேலும் இருப்பதுண்டு. ஆயினும் ஒரு மைக்ரான்கூட இல்லாத இச்செல் நெடுங்காலம் கண்ணுக்குத் தப்பியே வாழ்ந்தது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின்முன் ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்ற சிஷோம், ஓல்சன் குழுவினர் சர்காசோ கடலில் இதனைக் கண்டு 1988-இல் அறிவித்தனர்.

ஒரு செல்லில் ஏறத்தாழ 2,000 மரபணுக்களே. ஏழை உயிர் என்று இரங்கத் தோன்றும். ஆனால் எல்லா வகைகளுக்கும் பொதுவானவை ஏறத்தாழ 1,000 மட்டுமே. மீதி ஆளுக்கொரு விதம். அனைத்தையும் ஒன்றுசேர்த்தால் 80,000-ஐத் தாண்டும் என்பது 2015-இல் வெளிவந்த மதிப்பீடு. மேற்பரப்பின் வெயிலுக்கு ஒரு குடி, ஆழத்தின் மங்கலுக்கு வேறு குடி. அது எளிதில் விளங்குகிறது. விளங்காதது இதுதான்: பெர்முடா அருகே எடுத்த நீரைச் செல் செல்லாக ஆராய்ந்தபோது, ஒரே நீரில் நூற்றுக்கணக்கான கிளைக்குடிகள் கூடி வாழ்வதை 2014-இல் கண்டனர். அவை பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றனவாம்! (இவற்றைத் தாக்கும் வைரஸ்களே ஒளிச்சேர்க்கை மரபணுக்களைச் சுமந்து திரிகின்றன, திருடன் மடியில் வீட்டுச் சாவி!)

"இவ்வளவும் சொன்னால் மாணவன் குழம்புவான்" என்பார் உளர். குழம்பட்டுமே! கடல்நீர் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் இவ்வுயிரின் பெருக்கம் குறைகிறது என்று 2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அச்சூட்டைத் தாங்கவல்ல குடி ஏதேனும் அக்கூட்டத்துள் உண்டா என்பதன்றோ இனி நாம் கேட்க வேண்டியது? ஒற்றைப் படத்தையே வரைந்து பழகியவனுக்கு அக்கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. இம்முறை நாஸ்டாக் படத்தின் கீழே, "இது ஒரு வகை மட்டும்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கையொப்பம் இன்னும் வரவில்லை.