கிறுக்கிய சுவருக்குப் பாதுகாப்பு, பாடிய மேடைக்குப் பூட்டு: லண்டன் பங்க் ராக் கிளப்களுக்கு என்ன ஆச்சு?

லண்டனில் டென்மார்க் தெரு என்று ஒரு குட்டித் தெரு இருக்கிறது. கிடார் கடைகளுக்குப் பேர்போன தெரு. அங்கே 6-ம் எண் கட்டடத்தின் பின்பக்கச் சுவரில் கொஞ்சம் கிறுக்கல்கள். கூட இருந்தவர்களைக் கலாய்த்து ஓர் இருபது வயசுப் பையன் வரைந்த கார்ட்டூன்கள். நம்ம வீட்டில் இப்படிச் செய்திருந்தால் சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்து, ``ஒழுங்கா நீயே அடிச்சிடு'' என்றிருப்பார்கள். பிரிட்டன் அரசோ 2016-ல் அந்தக் கட்டடத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அந்தஸ்தை உயர்த்தியது. அதற்குச் சொன்ன காரணங்களில் அந்தக் கிறுக்கல்களும் ஒன்று.

வரைந்தவர் ஜான் லைடன். ஜானி ராட்டன் என்ற பெயரில் `செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவில் பாடியவர். 1970-களின் நடுவில் அந்தக் குழு ஒத்திகை பார்த்த இடம் அது. இன்று அது ஒரு சொகுசு ஹோட்டலின் அறை. பர்ஸில் காசு இருந்தால், புரட்சிக்குப் பக்கத்திலேயே ஏசி போட்டுத் தூங்கலாம்.

அதே தெருவில் `12 பார் கிளப்' என்று ஒரு சின்ன மேடை இருந்தது. ஏரியாவையே இடித்துப் புதுசாகக் கட்டும் திட்டம் வந்தபோது, 2015 ஜனவரியில் அதற்குப் பூட்டு போட்டார்கள். புது வளாகத்தில் பளபளப்பான அரங்குகள் வந்திருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், பழைய சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு பழைய மேடைக்கு ஏன் கிடைக்கவில்லை?

பங்க் ராக் பிறந்த ஊர்களில் ஒன்றான லண்டனில், அந்த இசையின் ஞாபகங்களை விற்பது இன்று பெரிய பிசினஸ். டி-ஷர்ட், மியூசியம், ஹோட்டல், சுற்றுலா, எல்லாம் இருக்கு. இன்னொரு பக்கம், அதைப் பிறக்கவைத்த மாதிரியான சின்னச் சின்ன மேடைகள் வாடகை கட்ட முடியாமல் விழுந்துகொண்டிருக்கின்றன.

மூணு கார்டு போதும்!

`பங்க்' என்றதும் பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்தால் தப்பில்லை. எண்பதுகளில் காதை மூடி முடி வளர்த்தவர்களைப் பார்த்து `பங்க் விட்டிருக்கான்' என்று அப்பா, சித்தப்பாக்கள் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். ரெண்டையும் ஓரமாக வையுங்கள். இது இசை. 70-களில் ராக் என்றால் பிரமாண்ட அரங்கு, விலை உயர்ந்த கருவிகள், பத்து நிமிஷத்துக்கு ஓடும் கிடார் சோலோ. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர்கள் அதைக் கேட்டுக் கடுப்பானார்கள். மூன்று கார்டு தெரிந்தால் போதும், ரெண்டு மூணு நிமிஷத்தில் பாட்டை முடி, கோபத்தை மறைக்காதே. அவ்ளோதான் பங்க்.

பாட்டு ரெடி. பாட இடம்?

ஆக்ஸ்ஃபோர்டு தெரு, 100-ம் எண். தரைக்கு அடியில் சுமார் 350 பேர் நிற்கக்கூடிய `100 கிளப்'. 1942-லிருந்து இசை ஒலிக்கும் இடம். ஜாஸ், ப்ளூஸ் என்று போய்க்கொண்டிருந்த அந்த மேடையில் 1976 செப்டம்பர் 20, 21 தேதிகளில் ஒரு பங்க் விழா நடந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ், தி டேம்ன்ட், பஸ்காக்ஸ். பின்னால் உலகப் புகழ் பெற்ற பெயர்கள், அன்றைக்குப் பெரும்பாலும் யாருக்கும் தெரியாத பசங்க. 2026 செப்டம்பர் வந்தால் அதற்கு ஐம்பது வயது.

அந்த விழாவில் எனக்குப் பிடித்தது பிரபலமான யாருமில்லை. முதல் நாள் சூசி அண்ட் தி பன்ஷீஸ் ஏறினார்கள். அதுதான் அவர்களின் முதல் நிகழ்ச்சி. சொந்தமாக ஒரு பாட்டுகூடக் கிடையாது. டிரம்ஸில் உட்கார்ந்த சிட் விஷியஸுக்கு டிரம்ஸ் வாசிக்கவும் தெரியாது. சர்ச்சில் சொல்லும் ஜெபத்தை எடுத்துக்கொண்டு, சுமார் இருபது நிமிஷம் மனசுக்கு வந்ததை வாசித்துத் தள்ளினார்கள். யாரும் இறக்கிவிடவில்லை. அந்த சூசி சூ பிறகு ராக் இசையின் முக்கியமான பெண் குரல்களில் ஒன்றாக ஆனார்.

எல்லாமே அழகாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் நாள் யாரோ எறிந்த கண்ணாடி டம்ளர் உடைந்து ஒரு பெண்ணின் கண்ணில் காயம். கிளப் பங்க் குழுக்களுக்குத் தடை போட்டது. அதிர்ச்சி கொடுப்பதற்காகவே நாஜிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு திரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அதை `இளமைக் குறும்பு' என்று கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

1976 டிசம்பர் 1 அன்று டிவி நேரலையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கெட்டவார்த்தை பேச, மறுநாள் பேப்பரெல்லாம் அலறியது. ஊர் ஊராக நடக்கவிருந்த அவர்களின் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை ரத்து. பங்க் என்றாலே கதவு சாத்தப்பட்ட அந்த நேரத்தில் திறந்ததுதான் `தி ராக்ஸி'. 1977 புத்தாண்டு தினத்தில் தி கிளாஷ் அங்கே வாசித்தார்கள்.

ராக்ஸி இருந்த கோவென்ட் கார்டன் பகுதியில் அதற்கு முன்பு பிரமாண்டமான காய்கறி, பழச் சந்தை இருந்தது. நம்ம கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குப் போன மாதிரி, 1974-ல் அந்தச் சந்தை வேறு இடத்துக்குப் போய்விட, ஏரியாவே வெறிச்சோடிக் கிடந்தது. அப்படிக் காலியாகக் கிடந்த ஊரில்தான் இப்படியொரு கிளப்பைத் தொடங்க முடிந்தது.

டிஜே டான் லெட்ஸ், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோரின் மகன். போடுவதற்குப் பங்க் ரெக்கார்டுகளே அப்போது அதிகம் வரவில்லை. அதனால் தன்னிடமிருந்த ரெகே ரெக்கார்டுகளைப் போட்டார். வெள்ளைக்காரப் பசங்களின் காதில் கறுப்பர்களின் இசை ஏறியது இப்படித்தான். கையில் ஒரு சூப்பர் 8 கேமராவை வைத்துக்கொண்டு மேடையையும் கூட்டத்தையும் அவர் படம் பிடித்தார். அது 1978-ல் `தி பங்க் ராக் மூவி' ஆனது. இன்று நாம் யூடியூபில் பார்க்கும் ராக்ஸி அவர் கண் வழியாகப் பார்த்ததுதான்.

தொடங்கியவர்கள் கையில் அந்த கிளப் இருந்தது சுமார் நூறு நாள். கட்டட விவகாரத்தில் ஏப்ரலிலேயே வெளியேற்றப்பட்டார்கள். நூறே நாள்!

ஏன் அந்த நூறு நாளில் இவ்வளவு நடந்தது? திறமைசாலிகள் திடீரென்று மொத்தமாகப் பிறந்துவிடவில்லை. ஊர் மலிவாக இருந்தது. கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் ஆளில்லாத ஒரு வீட்டில் புகுந்து, வாடகை இல்லாமல் குடியிருந்தவர். அந்த வீட்டு எண் 101. அவருடைய முந்தைய குழுவின் பெயரே `101-யர்ஸ்'. வாடகைக்காக ராப்பகலாக உழைக்க வேண்டியிருந்தால் ஒத்திகைக்கு ஏது நேரம்? அதே கோவென்ட் கார்டன் இன்று லண்டனின் காஸ்ட்லியான ஷாப்பிங் ஏரியாக்களில் ஒன்று.

நமக்கும் இதில் ஒரு நூல் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதியாக லண்டன் வந்து வளர்ந்த தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், அதாவது மியா. `ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் வரும் அவருடைய `பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடும் இசை, கிளாஷின் 1982 பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. ஹெட்போன் போட்டு ஒருமுறை கேளுங்கள்.

ஒரு பவுண்டு கேட்டால் கசக்குதா?

2007-ல் லண்டனில் இப்படிப்பட்ட சின்ன இசை மேடைகள் 136 இருந்தன. 2015-ல் மீதி 88. `மியூசிக் வென்யூ டிரஸ்ட்' என்ற அமைப்பின் கணக்குப்படி, 2023-ல் மட்டும் பிரிட்டன் முழுக்க 125 சின்ன மேடைகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையை நிறுத்திவிட்டன. அந்த ஆண்டு மிச்சமிருந்தவற்றின் சராசரி லாபம் 0.5 சதவிகிதம். 100 பவுண்டு கல்லாவில் விழுந்தால் கையில் நின்றது 50 பென்ஸ். மேடையில் விழும் நஷ்டத்தை பீர் விற்று ஈடுகட்டுகிறார்கள்.

வாடகை, கரன்ட் பில், வரி. இதோடு, பக்கத்தில் புதுசாக வரும் அப்பார்ட்மென்ட். வீடு வாங்கும்போது `லைவ்லியான ஏரியா' என்று வாங்கிவிட்டு, குடிவந்ததும் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள். 2018-ல் இங்கிலாந்தின் கட்டட அனுமதி விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. ஏற்கெனவே இருக்கும் கிளப் பக்கத்தில் வீடு கட்டினால், சத்தம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது கட்டுபவரின் பொறுப்பு. நியாயமான விதி. வாடகை ஏறுவதை அது தடுக்காது.

100 கிளப் எப்படித் தப்பித்தது? 2010-ல் மூடும் நிலைக்குப் போனது. பால் மெக்கார்ட்னி வந்து பாடிக் கவனம் ஈர்த்தார். கடைசியில் கைகொடுத்தது ஒரு ஷூ கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப். பிறகு 2020-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி தொழில் வரியை முழுசாகத் தள்ளுபடி செய்தது. புகழ் இருந்தது, பிழைத்தது. பெயர் தெரியாத ஊரின் பெயர் தெரியாத கிளப்புக்கு மெக்கார்ட்னி வருவாரா?

அதனால்தான் இப்போது ஒரு பவுண்டுப் பேச்சு. ஸ்டேடியங்களிலும் பெரிய அரங்குகளிலும் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டை எடுத்து, சின்ன மேடைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது யோசனை. 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு இதைப் பரிந்துரைத்தது. நவம்பரில் அரசும் ஆதரவு சொன்னது. ஆனால், சட்டமாக அல்ல. `தொழில்துறை தானாக முன்வரட்டும்' என்றார்கள். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் முன்வந்தது. கோல்ட்பிளே 2025 பிரிட்டன் நிகழ்ச்சிகளின் வருமானத்தில் 10 சதவிகிதம் தருவதாக அறிவித்தது. பிரான்ஸில் இப்படி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அங்கே கச்சேரி டிக்கெட்டில் 3.5 சதவிகிதம் சட்டப்படியே எடுக்கப்பட்டு, இசைத் துறைக்கே திரும்பிப் போகிறது.

`இப்போ போன்லயே பாட்டு ரிலீஸ் பண்ணலாமே, கிளப் எதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அந்த சூசியின் முதல் இருபது நிமிஷத்தை ரீல்ஸில் கற்பனை செய்து பாருங்கள். டிரம்ஸ் தெரியாத ஆள், பாட்டு இல்லாத குழு. கமென்ட்டில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், ரெண்டாவது வீடியோ வந்தே இருக்காது. சுமாராக வாசித்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வந்து கொஞ்சம் நன்றாக வாசிக்க ஓர் இருட்டு அறை வேண்டும். இன்னொன்று, அந்த அறையில் பார்க்க வருகிறவர்களும் முக்கியம். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தபோது இருந்தது சுமார் நாற்பது பேர். அதில் பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள். ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிடார் வாங்கினார். இருவரும் சேர்ந்து தொடங்கிய குழுதான் `ஜாய் டிவிஷன்' ஆனது. நீங்கள் எங்கேயோ வாங்கிப் போட்டிருக்கும், வெள்ளை அலைக்கோடுகள் போட்ட அந்தக் கறுப்பு டி-ஷர்ட் அவர்கள் ஆல்பத்தின் அட்டைப்படம். அந்த மான்செஸ்டர் கட்டடமும் இப்போது ஹோட்டல்தான்.

ஒரு பவுண்டுத் திட்டம் வரட்டும், நல்லதுதான். ஆனால், பெரும்பாலான மேடைகள் வாடகைக் கட்டடத்தில் இருக்கும்வரை, இந்தக் கை வாங்கி அந்தக் கை கட்டட உரிமையாளரிடம் கொடுக்கும் கதையாகிவிடும் என்பது என் பயம். ஆகவே, இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு முயற்சி. ரசிகர்களே சின்னச் சின்னப் பங்குகளாகப் பணம் போட்டு, கிளப் இருக்கும் கட்டடத்தையே வாங்கிவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் மான்செஸ்டர் பக்கம் ஆதர்டன் என்ற சிறு ஊரில் `தி ஸ்னக்' என்ற குட்டி காபி பாரை முதலாவதாக வாங்கினார்கள். சுமார் நூறு பேர் நிற்கலாம். பிறகு பிரெஸ்டன் நகரில் `தி ஃபெரெட்'. கிளப்பை நடத்துபவர்கள் பழைய ஆட்களேதான், மாறியிருப்பது கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மட்டும்.