மீன் ராசி எண்டு ஒண்டும் இல்லை

தொட்டியில மீன் செத்தால் யாழ்ப்பாணத்தில் மூன்று விளக்கம் சொல்லுவினம். "உங்களுக்கு மீன் ராசி இல்லை." "ஆரோ கண்ணூறு பட்டுட்டுது." "கடைக்காரன் நோய் மீனைத் தந்திட்டான்." நாலாவதா ஒண்டு இருக்கு, தண்ணி. அதை ஆரும் சொல்லுறேல்லை. அதுக்காகத்தான் நாங்கள் சண்டைக்கு வந்திருக்கிறம்.

சண்டைக்குக் காரணம் ராம் மீன். விரல் நீளம்கூட வராத, நீலமும் மஞ்சளுமா மினுங்கிற குட்டிச் சிக்லிட். ராம் எண்டவுடன இராமாயணத்துக்குப் போகவேண்டாம். மனுவேல் ராமிரெஸ் என்ற மீன் சேகரிப்பாளரின் நினைவாக 1948இல் இட்ட 'ராமிரெஸி' என்ற விஞ்ஞானப் பெயரின் சுருக்கம் அது. கடையில 'ஜெர்மன் ராம்' எண்டு சொல்லி விற்பினம். ஜெர்மனியிலும் அதுக்கு ஊர் இல்லை. சொந்த ஊர் வெனிசுவேலா, கொலம்பியாப் பக்கத்து ஒரினோகோ ஆற்றுப் படுகை. அங்கத்தைத் தண்ணி மழைத்தண்ணி மாதிரி: கல்சியம் மிகக் குறைவு, கொஞ்சம் அமிலம், நல்ல இளஞ்சூடு.

எங்கட கிணறு சுண்ணக்கல்லுக்குள்ள வெட்டினது. வன்னீர், மென்னீர் எண்டு ஓ.எல் விஞ்ஞானத்தில பாடமாக்கினதை மறந்திருந்தாலும், கேத்திலின் அடியில படியிற வெள்ளையைப் பார்த்தால் விளங்கும். இந்தத் தண்ணிக்குள்ள அந்த மீனை விட்டுட்டு, மூன்றாம் கிழமை ராசியைப் பற்றிக் கதைக்கிறது என்ன நியாயம்?

கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு உந்த இரசாயனம் என்னத்துக்கு எண்டு கேட்பினம். இரசாயனம் தெரியாதெண்டது மீனைக் கொல்லுறதுக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. விசயமும் அவ்வளவு கஷ்டமில்லை. மீன் கழிக்கிறதில இருந்து அமோனியா வரும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொன்று அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. அந்தப் பற்றீரியா வடிகட்டிக்குள்ள போதிய அளவு பெருக 4 தொடக்கம் 6 கிழமை எடுக்கும். எங்கட ஆக்கள் தொட்டி வாங்கின அண்டைக்கே மீனையும் வாங்குவினம். வன்னீரில பீ.எச் கூடவா இருந்தால் இன்னும் மோசம். பீ.எச் 7இல இருந்து 8க்கு ஏறினால், இருக்கிற அமோனியாவில நஞ்சு வடிவத்தில இருக்கிற பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அதே தொட்டி, அதே மீன், அதே சாப்பாடு, நஞ்சு மட்டும் பத்து மடங்கு.

இதுக்குக் கடையில தாற வைத்தியங்கள்தான் எங்களுக்குக் கோபத்தைக் கிளப்பிறது. பீ.எச் குறைக்கிற திராவகம் ஒண்டு. வன்னீரில காபனேற்று இருக்கும். ஊத்தின அமிலத்தை அது தின்னும், பீ.எச் இறங்கிற மாதிரி இறங்கிப் பேந்து ஏறும். திரும்ப ஊத்தச் சொல்லுவினம். வன்னீரைவிட இந்த ஊஞ்சலாட்டம்தான் மீனைக் கெதியாக் கொல்லும். மற்றது நீல மருந்து. நோய் என்ன எண்டு தெரியாமலே ஊத்த, வடிகட்டியில வேலை செய்யிற பற்றீரியாவும் அடிபடும். மூன்றாவது, 'கிழமைக்கொருக்கா முழுத் தண்ணியையும் மாத்துங்கோ' எண்ட அறிவுரை. கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு மாத்தினால் போதும். அதிலயும் எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: உரத்தாலயும் மலக்குழியாலயும் இங்க கன கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொன்ன லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கு. மீனுக்குக் கூடாத தண்ணியை எடுத்துப்போட்டு அதே தண்ணியைத்தான் திரும்ப ஊத்துறம். (மனுசரும் அதைத்தான் குடிக்கினம். அது வேற கட்டுரை.)

காரைநகர்க் கடற்கரையில பொறுக்கின முருகைக்கல்லும் சிப்பியும் போட்டு வடிவாக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல். ராம் தொட்டிக்குள்ள அது மெல்ல மெல்லக் கரையிற சுண்ணாம்பு. கலர்க்கல்லும் வேண்டாம். இந்த மீனின் பேரினப் பெயருக்கே 'சின்ன மண்தின்னி' எண்டுதான் அர்த்தம். மணலை வாயில அள்ளிச் செவுளால விட்டு இரை தேடுற சீவன் அது. கூர்க்கல்லை என்ன செய்யும்? மெல்லிய மணல், ஒளிக்க ஒரு பொந்து, ஒரு சோடிக்கு 60 சென்ரிமீற்றர் நீளத் தொட்டி. கண்ணாடிக் குண்டுக்குள்ள வைக்கிறதைப் பற்றி நாங்கள் கதைக்கவே விரும்பேல்லை.

"பண்ணையில வளர்ந்த ராம் எந்தத் தண்ணியையும் தாங்கும்" எண்டு ஒரு பதில் வரும். ஓரளவு தாங்கும், உண்மைதான். இரண்டு மூன்று வருசம் வாழக்கூடிய மீன் மூன்று மாசம் தாங்கிறதுக்குப் பேர் வளர்ப்பு இல்லை.

வளர்க்கத்தான் வேணும் எண்டால் வழி வானத்தில இருந்து வருது. ஐப்பசி, கார்த்திகை மழையில முதல் இரண்டு மூன்று மழையைக் கூரை கழுவ விட்டுட்டு, பிறகு ஓட்டுக் கூரையில இருந்து பிளாஸ்ரிக் பீப்பாவில பிடிச்சு மூடி வையுங்கோ. புதுத் தகரக் கூரைத் தண்ணி வேண்டாம், அதில நாகம் கரையும். மழைத்தண்ணியோட கொஞ்சம் கிணத்துத் தண்ணியைக் கலந்தால் காசில்லாத மென்னீர். சிங்களத்தில கொட்டம்பா எண்டு சொல்லுற நாட்டு வாதுமையின் காய்ஞ்சு விழுந்த இலை இரண்டைப் போட்டால் தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வரும், மீனுக்கு ஊர் ஞாபகம் வரும். ஆனால் இலையால மட்டும் வன்னீர் மென்னீராகாது. சூடு எங்கட வெயிலே தரும், ஹீற்றர் நுவரெலியாக்காரருக்கு. கரண்ட் போனால் ஓடக்கூடிய பற்றரிக் காற்றுப் பம்பி ஒண்டு கட்டாயம். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் இருட்டில இருந்த நாட்டில இதுக்கு விளக்கம் தேவையில்லை.

மழை பிடிக்கப் பஞ்சியான ஆக்கள் ராமை விடுங்கோ. சுண்ணாம்புத் தண்ணியிலேயே பிறந்த குட்டிச் சிக்லிட்டுகளும் உலகத்தில இருக்கு. ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில பீ.எச் 9க்குக் கிட்டப் போகும். அங்க வெறும் நத்தைக் கோதுக்குள்ள குடும்பம் நடத்துற மீன் ராமைவிடச் சின்னன். அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. ஒரேஞ்ச் குரோமைட் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான சிக்லிட், களப்பின்ர உவர்த்தண்ணியிலயே வாழும், தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சு காக்கும். உள்ளங்கைக்குள்ள அடங்கிற அளவுதான். 'லோக்கல்' எண்டதாலதான் அதுக்கு மவுசு இல்லை, வேற குறை ஒண்டும் இல்லை.

அடுத்தமுறை கடைக்குப் போனால், மீனை விலை கேட்க முதல், பீ.எச்சும் தண்ணியின் வன்மையும் பார்க்கிற ரெஸ்ற் கிற் இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ. அநேகமா இல்லையெண்டுதான் சொல்லுவினம். நீலப் போத்தல் மட்டும் தட்டு முழுக்க அடுக்கி இருக்கும்.