நோயின்மீது விதிக்கப்படும் வரி

அனைவருக்கும் அரசின் செலவில் மருத்துவம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: அதற்கு யார் பணம் கட்டுவது? வருமான வரி செலுத்தும் சிறு கூட்டத்தின் உழைப்பை எடுத்து மற்றவர்களுக்கு இலவசமாக வழங்குவது நியாயமா என்பதே அதன் உட்பொருள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால், மருத்துவத்துக்கு இதுவரை யாரும் பணம் கட்டாதது போலவும் இனிமேல்தான் கட்டப்போவது போலவும் அது ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறது. இந்திய மக்கள் மருத்துவத்துக்கான பணத்தை இப்போதே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார், எப்போது, எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதில்தான் விவாதம் நடந்தாக வேண்டும்.

தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கையின்படி, 2021-22ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவு ஏறத்தாழ 9 லட்சம் கோடி ரூபாய். அதில் 39.4 விழுக்காடு, அதாவது மூன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல், நோயாளிகளும் அவர்களது குடும்பத்தினரும் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பணம். 2013-14இல் இந்தப் பங்கு 64.2 விழுக்காடாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், குறைந்திருப்பது உண்மை. எனினும், பத்து ரூபாய் மருத்துவச் செலவில் நான்கு ரூபாயை நோயுற்றவரே அந்த நேரத்தில் புரட்டித் தர வேண்டியிருக்கும் ஏற்பாட்டை ஏற்கத்தக்கது என்று கூற இயலாது.

இந்த நேரடிச் செலவை ஒரு வரியாகவே கருதிப் பார்க்கலாம். எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றாத வரி இது. இதற்கு விலக்கு வரம்பு கிடையாது. வருமானம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு பெரிய பங்கை இது விழுங்குகிறது. ஒருவரது சம்பாத்தியம் நின்றுபோகும் அதே வாரத்தில் இது வசூலிக்கப்படுகிறது. தவணை கேட்க முடியாது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாய். ஒரே தெருவில் ஒரே கூலிக்கு உழைக்கும் இரண்டு குடும்பங்களில், குடல்வால் அழற்சி எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வருமானத்தைப் பார்த்து வரி விதிக்கும் அரசுக்கு ஆயிரம் குறைகள் சொல்லலாம். நோயைப் பார்த்து வரி விதிக்கும் இந்த ஏற்பாட்டைவிட அது மேலானது.

அடுத்து, 'வரி கட்டுபவர்' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது மனக்கண்ணில் தோன்றுபவர் மாதச் சம்பளக்காரர். ஆனால் 2023-24இல் சரக்கு மற்றும் சேவை வரியாக மட்டும் 20 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. கட்டடத் தொழிலாளி தன் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 விழுக்காடு வரி கட்டுகிறார். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடும்போது உற்பத்தி வரியும் விற்பனை வரியும் சேர்த்துக் கட்டுகிறார். நோயுற்று மருந்துக்கடைக்குப் போனால் அங்கேயும் கட்டுகிறார். 2025 செப்டம்பர்வரை பெரும்பாலான மருந்துகளின்மீது 12 விழுக்காடு வரி இருந்தது, இப்போது அது 5 விழுக்காடு. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர் வரியே கட்டாதவர் என்று பேசுவது, அறியாமை இல்லையென்றால் அலட்சியம்.

வரிப்பணத்தில் மருத்துவம் என்பது இந்தியாவுக்குப் புதியதோர் அந்நியக் கருத்துமன்று. மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் 1954 முதல் இயங்கிவருகிறது. அதன் பயன் ஓய்வூதியர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கிடைக்கிறது. தனியார் காப்பீடு எடுப்பவர்கள், பழைய வருமான வரி முறையில், 80டி பிரிவின்கீழ் 25,000 ரூபாய்வரையிலும் மூத்த குடிமக்கள் 50,000 ரூபாய்வரையிலும் பிரீமியத்துக்கு விலக்குப் பெறுகிறார்கள். அரசு விட்டுக்கொடுக்கும் அந்த வரியும் பொதுப் பணம்தான். ஆக, வரிப்பணத்தில் மருத்துவம் தரலாமா என்ற கேள்விக்கு இந்திய அரசு வெகுகாலத்துக்கு முன்பே 'தரலாம்' என்று விடையளித்துவிட்டது. பதவியும் நிலையான வேலையும் உள்ளவர்களிடமிருந்து தொடங்கி, மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னது என்பதே இதில் உள்ள சிக்கல்.

அந்தக் காத்திருப்பின் வரலாறு நீண்டது. 1943இல் அமைக்கப்பட்ட போர் குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பணம் கட்ட இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதை அது அடிப்படைக் கொள்கையாகக் கொண்டது. நோய்த்தடுப்பையும் சிகிச்சையையும் ஒருங்கே தரும் ஆரம்ப சுகாதார அமைப்பைப் பரிந்துரைத்தது. 2011இல் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலை வல்லுநர் குழு, பொது வரி வருவாயே அனைவருக்குமான மருத்துவத்தின் முதன்மை நிதி ஆதாரமாக இருக்க வேண்டும் என்றும், சிகிச்சை பெறும் இடத்தில் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றும் கூறியது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்தது. பெருந்தொற்றுக்காக அரசுகள் கூடுதலாகச் செலவிட்ட 2021-22இல்கூட அது 1.84 விழுக்காடாகவே இருந்தது. அறிக்கைகளுக்கு இந்த நாட்டில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

இதற்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதை காப்பீடு. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான பாதுகாப்பைத் தருகிறது. 2024 முதல் 70 வயது நிறைந்த அனைவரும் வருமான வேறுபாடின்றி இதில் சேர்க்கப்பட்டார்கள். இதய அறுவைச் சிகிச்சைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் வழியின்றி நின்ற பல குடும்பங்களுக்கு இத்திட்டம் உயிர் காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் இத்திட்டம் உள்நோயாளிகளுக்கு உரியது. குடும்பங்களின் கைப்பணத்தைச் சிறுகச் சிறுகக் கரைப்பது பெரும்பாலும் புறநோயாளிச் சிகிச்சையும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகளுமே. சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் தாமே செலவழிக்க வேண்டும். அதற்கு முடியாமல் மாத்திரையை நிறுத்தி, சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதான பிறகு, டயாலிசிஸ் செய்யக் காப்பீட்டு அட்டை உதவும். சில நூறு ரூபாயில் தடுத்திருக்கக்கூடிய துன்பத்துக்குப் பல லட்சம் செலவழிக்கும் ஏற்பாட்டைச் சிக்கனம் என்று எப்படி அழைப்பது? மேலும், ஏழைகளுக்கான திட்டத்திலும் சேராமல், நிலையான வேலைக்கான பாதுகாப்பும் இல்லாமல் நடுவே நிற்பவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் மதிப்பிட்டது. சிறு கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், சொந்த நிலத்தில் பயிரிடும் விவசாயி எனப் பலரும் இந்தக் கணக்கில் அடங்குவர்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது, அரசு மருத்துவமனைகளின் நிலையைப் பற்றியது. பூட்டிக் கிடக்கும் துணை நிலையங்கள், பணிக்கு வராத மருத்துவர்கள், 'வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று எழுதித் தரப்படும் சீட்டுகள் ஆகியவற்றை அன்றாடம் காணும் மக்களிடம் அரசை நம்புங்கள் என்று வெறுமனே சொல்ல முடியாது. காப்பீட்டுத் திட்டத்தின் தரவுத்தளத்தில் சுமார் ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். பணத்தை மட்டும் கொட்டினால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் அரசால் எதையும் ஒழுங்காகச் செய்ய இயலாது என்ற முடிவுக்கு வரவும் இடமில்லை. தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரப் பரிசோதனைக்குப் பின் அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை உருவாக்கியது. அதே வழியைப் பின்பற்றித் தனக்கென ஒரு கழகத்தை அமைத்த ராஜஸ்தான், 2011 அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைச் செயல்படுத்தியது. இங்கு நிகழ்ந்தது அற்புதம் எதுவுமில்லை. கொள்முதல் விதிகள், கிடங்குகள், இருப்புக் கணக்கு ஆகிய சலிப்பூட்டும் வேலைகளை யாரோ சிலர் சரியாகச் செய்தார்கள். தவிரவும், அரசு மருத்துவமனை சீரழிவதற்கு ஒரு காரணம், செல்வாக்குள்ளவர்கள் அதைவிட்டு வெளியேறியதே. மாவட்ட ஆட்சியரின் தாயும் வங்கி மேலாளரின் மகனும் அதே வரிசையில் நிற்கும்போது அங்குள்ள பழுதான எக்ஸ்ரே கருவி விரைவில் சரியாகும். 'ஏழைகளுக்கு மட்டும்' என்பதற்குப் பதிலாக 'அனைவருக்கும்' என்று வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

இந்தியா இதற்கு இன்னும் ஏழை நாடு என்பது இன்னொரு வாதம். 1997இன் பொருளாதார நெருக்கடியிலிருந்து முழுமையாக மீளாத தாய்லாந்து, 2002க்குள் தன் மக்கள் அனைவரையும் மருத்துவப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் மட்டும் கட்டினால் போதும். மீதியைப் பொது வரி வருவாய் ஏற்றது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலேயே அந்நாடு மாவட்டந்தோறும் மருத்துவமனைகளைக் கட்டி, இளம் மருத்துவர்களுக்குக் கிராமப்புறப் பணியைக் கட்டாயமாக்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே கட்டடமும் ஆளும் முதலில் வந்தன, அட்டை பிறகு வந்தது. இங்கே அட்டை முந்திக்கொண்டது.

குடித்தும் புகைத்தும் உடலைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு மற்றவர்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்போரும் உண்டு. பிறவி இதயக் குறையுள்ள குழந்தையும், கல்குவாரித் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளியும், வயலில் பாம்பு தீண்டிய விவசாயியும் எந்தப் பழக்கத்தால் நோயாளி ஆனார்கள்? குடிப்பவரும் புகைப்பவரும்கூட ஒவ்வொரு புட்டியிலும் ஒவ்வொரு சிகரெட்டிலும் மற்றவர்களைவிடக் கூடுதல் வரி கட்டிவிட்டே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

உரிமை என்று சட்டம் இயற்றினால் மட்டும் போதும் என்று எண்ணுவோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற விவசாயத் தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை என்று பல அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பின. அவ்வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தரத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவை மீறுவதாகும் என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் கூறியது. 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டமன்றம் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சிகிச்சைக்கான செலவை அரசு எப்போது, எந்த அளவில் திருப்பித் தரும் என்ற அவர்களது கேள்வி அடிப்படையற்றதன்று. ஏப்ரலில் ஏற்பட்ட உடன்பாட்டில், ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்டவையும் அரசின் சலுகை எதையும் பெறாதவையுமான தனியார் மருத்துவமனைகள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன. தீர்ப்பும் சட்டமும் உரிமையை அறிவிக்கும். படுக்கையை வாங்கித் தருவது நிதி ஒதுக்கீடுதான்.

எனவே கேட்க வேண்டியவை தெளிவானவை. அரசின் செலவு 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும். 2017ஆம் ஆண்டுக் கொள்கையே சொல்வதுபோல் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சுகாதாரத்துக்குச் செல்ல வேண்டும். அத்தியாவசிய மருந்தும் அடிப்படைப் பரிசோதனையும் எல்லா அரசு நிலையங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், பெரிய வருவாய் வழிகளைத் தன்னிடம் வைத்திருக்கும் ஒன்றிய அரசு மாநிலங்களோடு சுமையைப் பகிர வேண்டும். இதனால் சிலர் இப்போது கட்டுவதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரும். வசதியும் உடல்நலமும் ஒருங்கே பெற்றவர்களுக்கு அது உறுதி. அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. அவர்கள் கூடுதலாகக் கட்டும் தொகை, இன்று அடகுக் கடையிலும் வட்டிக்கடைக்காரரிடமும் மற்றவர்கள் கட்டிக்கொண்டிருப்பது.

அடுத்த நிதிநிலை அறிக்கை வரும்போது மீண்டும் அதே கேள்வி எழும். அப்போது விடை தேட வேண்டிய இடம், அந்த மூன்றரை லட்சம் கோடி ரூபாயை நோயாளிகளிடமிருந்து வசூலித்துக்கொண்டிருக்கும் இன்றைய ஏற்பாடு.